நீலப் பட்டைக்கு மேலே

சித்தப்பா விரலில் எச்சில் தொட்டுத்தான் எந்தக் காகிதத்தையும் புரட்டுவார். அன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு கார் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்துக்கு ஒரு எச்சில் வைத்துக்கொண்டிருந்தார். கனமான வழவழப்பான தாள். ஈரம் பட்ட மூலைகளெல்லாம் சுருண்டு நின்றன. அதே மேசையில்தான் என் தட்டும் இருந்தது. தட்டை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இரண்டும் மலை மாதிரி உயரமான, பந்தயக் கார் மாதிரி பாய்கிற வண்டிகள். ஒன்றுக்குச் சித்தப்பா காளை என்று பெயர் வைத்திருந்தார், இன்னொன்றுக்குச் சிறுத்தை. ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

“காளைக்கு அறுநூறு குதிரை சக்தி. சிறுத்தைக்கு அதுக்கும் மேல இருபது,” என்றார்.

“லாயமே கட்டலாம்,” என்றாள் சித்தி. “குதிரைக் கணக்கு இருக்கட்டும். நான் ஏற முடியுமா, அதைச் சொல்லுங்க.”

“உனக்காகத்தானே வாங்கறதே! நானா ஆசைப்படறேன்?” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்கு எச்சில் தொட்டார்.

சித்தப்பாவும் சித்தியும் தரைக்கும் சுவருக்கும் போடும் டைல்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்தியவள் சித்திதான். போன வருஷம் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். இப்போது குச்சி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். ஆனால் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, உயர்ந்த இருக்கையில் ஏற முடியாது. வீட்டில் இருந்த பழைய கார் தரையோடு தரையாக இருக்கும். மருத்துவமனைக்குப் போகும்போது சித்தப்பா ஒரு பக்கமும், அவர்கள் மகன், என் அண்ணன், மறுபக்கமுமாக அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். ஒரு நாள் வாசலில் அப்படித் தூக்கியபோது சித்தியின் ஆடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் ஃபோனில் பேசிக்கொண்டே தூக்கினான்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் சித்தி சொன்னாள்: “இனிமே என்னை யாரும் மூட்டை மாதிரி தூக்கக் கூடாது. நானா ஏறி நானா இறங்கற வண்டி ஒண்ணு வாங்குங்க. மறுநாளே கடைக்கு வந்து உட்காருறேன். அதுவரைக்கும் இந்த வாசப்படி தாண்ட மாட்டேன்.”

தாண்டவும் இல்லை. பழைய காரை விற்றுவிட்டார்கள். சித்தி சன்னலோரம் உட்கார்ந்து, கடையில் என்ன விற்றது என்று ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, பகலில் கடையில் ரசீது போடுகிறேன். மாலையில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். என் கண் சொல்வதை நான் நம்புவதில்லை, எதையும் அளந்து பார்த்தால்தான் மனசு ஆறும். அளந்த பிறகும் இன்னொரு முறை அளப்பேன். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் அளவுகோல்.

சித்திக்கு நடைப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா அவளுடைய ஊன்றுகோலில் இரண்டு பட்டைகள் ஒட்டியிருந்தார். மின்கம்பிக்குச் சுற்றும் பிசின் நாடா. கீழே சிவப்பு, மேலே நீலம். “இஞ்ச் கணக்கெல்லாம் வேண்டாம். எந்த இருக்கைன்னாலும் பக்கத்துல குச்சியை நிறுத்துங்க. இருக்கை சிவப்புக்குக் கீழ இருந்தா எழுந்திருக்க முடியாது. நீலத்துக்கு மேல இருந்தா கால் தரையில படாது, வழுக்கிடும். நடுவுல இருந்தா அது உங்க நாற்காலி,” என்றார். நான் வீட்டிலுள்ள கட்டில், நாற்காலி, கழிப்பறைப் பீடம் எல்லாவற்றையும் அந்தக் குச்சியால் பார்த்துக் கட்டை வைத்து உயர்த்தினேன், குறைத்தேன். கார் பார்க்கப் போகும்போதும் குச்சியோடு நானும் போவதென்று முடிவானது.

முதலில் காளை. கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு கடை. எங்கள் டைல்ஸ் ஏற்றும் சின்ன வண்டியில் போனோம். சித்தப்பா அதை வாசலில் நிறுத்தவிடவில்லை. “பின் தெருவுல விடுப்பா, மானம் போகுது,” என்று ஓட்டுநரிடம் சொல்லி, கைக்குட்டையால் கால்சட்டையில் ஒட்டியிருந்த சிமென்ட் தூளைத் தட்டிக்கொண்டார்.

காளைக்காரர் கதவைத் திறந்துவிட்டார். சித்தப்பா உள்ளே தலையை விட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். “ஆகா,” என்றார்.

“எட்டு மாட்டுத் தோல் சார், ஒரு வண்டிக்கு. முள்வேலியே இல்லாத பண்ணையில வளர்த்தது. ஒரு கீறல் இருக்காது.”

“பாருடா! நம்ம முதுகுல எத்தனை கீறல் இருக்கு!” என்றார் சித்தப்பா. இருவரும் சிரித்தார்கள். சித்தப்பா இருக்கையைத் தடவினார். தடவின விரலை மோந்து பார்த்தார். மறுபடி தடவினார். எட்டு மாடுகள் தோலுரிந்து நிற்பது என் கண்ணில் வந்தது. அவர் சும்மா ஆசையாய்த்தானே பார்க்கிறார், எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது என்றும் நினைத்தேன்.

நான் குச்சியைக் கொண்டுபோனதும் காளைக்காரர் பதறினார். “ஐயோ, மேடம், பெயின்ட்!” குச்சி முனையில் தன் கைக்குட்டையைச் சுற்றிவிட்டுத்தான் விட்டார். இருக்கை நீலப் பட்டைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

“ஏற முடியாது சித்தப்பா.”

“படி போட்டுக்கலாம்,” என்றார் காளைக்காரர்.

“இடுப்புல தகடு இருக்கறவங்க, படியில ஒத்தைக் கால்ல நின்னு திரும்ப முடியாதுங்க.”

“யாருக்கு வண்டி சார்?” என்று அவர் சித்தப்பாவைக் கேட்டார்.

“வீட்டம்மாவுக்கு.”

“அப்ப ஓட்டறது?”

“நான்தான்!” சித்தப்பா உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். மூடிய கூடத்துக்குள் அது உறுமியதில் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. புகை நாற்றத்தில் நான் இருமினேன். அவர் முகத்தில் குழந்தை ஒன்று மூத்திரம் போகும்போது வருகிற நிம்மதி.

அடுத்த வாரம் சிறுத்தை. இந்த முறை சிறுத்தைக்காரரே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குச்சியை வைத்துப் பார்த்தேன், நீலத்துக்குச் சற்று மேலே. உதட்டைப் பிதுக்கினேன். அவர் சிரித்தபடி ஒரு பொத்தானை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம். அந்தப் பெரிய உடம்பு மெதுவாகத் தாழ்ந்து உட்கார்ந்தது. மறுபடி குச்சியை வைத்தேன். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில். நம்பாமல் மறுபக்கக் கதவிலும் வைத்துப் பார்த்தேன். நடுவில்தான்.

சித்தி குச்சி ஊன்றி வாசலுக்கு வந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், பின்னால் கை வைத்தாள், உட்கார்ந்தாள், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை. பிறகு இறங்கினாள். இன்னொரு தடவை ஏறினாள், தேவையே இல்லாமல்.

“இது போதும்,” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். சித்தப்பா, “ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடுவோம்,” என்றார். அண்ணன் முன்னால் ஏறினான். நானும் சித்தியும் சிறுத்தைக்காரரும் பின்னால். பெருஞ்சாலை வந்ததும் சிறுத்தைக்காரர் வண்டிக்குள் இருந்த ஏதோ ஒரு குமிழைத் திருகச் சொன்னார். “இடது காலால பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வலது காலால ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க சார். இப்ப பிரேக்கை விடுங்க.”

முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது. தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரும்பினால் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. “நிறுத்தச் சொல்லு.”

சொன்னேன். சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை, அல்லது இன்னொரு முறை மிதிக்கும் அவசரம். சித்தி மடியிலிருந்த, சிறுத்தைக்காரர் கொடுத்த விளம்பரப் பையை விரித்து அதற்குள் வாந்தியெடுத்தாள். கால்வாசி பை நிறைந்தது. வண்டி ஓரமாக நின்றதும் சித்தப்பா திரும்பிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

“சீட்டுல படலயே?”

சிறுத்தைக்காரர் இறங்கிச் சுற்றி ஓடிவந்து சித்தியைப் பார்க்காமல் இருக்கையைத் துணியால் ஒற்றினார். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சன்னலை இறக்கினான். நான் அந்தப் பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். இளஞ்சூடாக இருந்தது. அடியில் தங்க எழுத்தில் வண்டியின் பெயர். நாறியது அந்தப் பை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

“இனி ஓட்டிப் பாக்கறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க,” என்றாள் சித்தி. என்னிடம் மட்டும், “நீ பாத்துச் சொன்னா போதும், கண்ணு,” என்றாள்.

எல்லாவற்றையும் கெடுத்தது கண்ணாடிக்காரர். எங்கள் கடைக்கு எதிரே சன்னல் கண்ணாடி விற்பவர். சித்தப்பாவுக்கு நண்பர், அதாவது எதிரி. அவர் முந்திக்கொண்டு அதே சிறுத்தையை வாங்கி எங்கள் கடை வாசலிலேயே நிறுத்தினார். பொத்தானை அழுத்தி அதைத் தாழ வைத்து, “பாத்தியா, உன் கடைக்கு முன்னால மண்டி போடுது!” என்றார். கடைப் பையன்கள் கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்றிரவுச் சாப்பாட்டில் சித்தப்பா வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசினார். “அவன் வாங்கினது சாதா. அதுக்கும் மேல பந்தய ரகம்னு ஒண்ணு இருக்கு. சக்கரமே இவ்வளவு பெரிசு. கண்ணாடிக்காரன் வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பான்.” சோற்றுப் பருக்கை ஒன்று என் பக்கம் வந்து விழுந்தது.

“அது தாழுமா?” என்று கேட்டேன்.

“தாழாது. ஆனா சாதா தாழ்ந்து நிக்கற அதே உசரம்தான் இதுக்கும்னு சொல்றாங்க.”

“சக்கரம் பெரிசுன்னா எப்படி அதே உசரம் வரும், சித்தப்பா?”

“ஏய் அளவுகோல், நீ எஞ்சினியரா?” என்றான் அண்ணன்.

சித்தப்பா அவனை அடக்கினார். “இருடா. அவ கேக்கறதும் நியாயம்தானே. ஞாயித்துக்கிழமை நீயே வந்து குச்சி வெச்சுப் பாரும்மா. சரின்னு நீ சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன். போதுமா?”

அவர் இவ்வளவு மரியாதையாக என்னிடம் பேசியதே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது குச்சியைச் சித்தப்பாவே கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். சிறுத்தைக்காரர் கடையில் பந்தய ரகம் ஒரு சுழல் மேடையில் நின்றது. சக்கரம் என் இடுப்பை எட்டும் போலிருந்தது. மேடையிலிருந்து இறக்கச் சொல்லித் தரையில் நிறுத்தி, குச்சியை இருக்கையோடு ஒட்டி நிறுத்தினேன். நீலத்துக்குச் சற்றுக் கீழே. நடுவில்தான்.

மறுபடி வைத்தேன். நடுவில்தான். குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்கிறேனா என்று தள்ளி நின்று பார்த்தேன். என் கண் இது உயரம் என்றது, குச்சி சரி என்றது. கண்ணை நம்பாதே, அளவை நம்பு என்றுதான் வகுப்பில் முதல் வாரத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டாம் வாரம் இன்னொன்றும் சொன்னார்கள், அளப்பதற்கு முன் அளவுகோலைச் சரிபார் என்று. அது ஞாபகம் வரவில்லை.

“என்னம்மா, சரியா இருக்கா?” என்றார் சித்தப்பா. உதட்டோரம் ஈரமாக இருந்தது.

“சரியாத்தான் இருக்கு,” என்றேன்.

சித்தப்பா விரலில் எச்சில் தொட்டு ஒப்பந்தத் தாளைப் புரட்டினார்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் கடைக்குப் போடும் செருப்பைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்கச் சொன்னாள்.

வண்டி வந்த காலையில் தெருவே வாசலில் நின்றது. வண்டி மூக்கில் சிவப்பு ரிப்பன், தலையணை அளவுக்கு ஒரு முடிச்சு. சிறுத்தைக்காரரோடு புகைப்படம் எடுக்க ஒருவர். கண்ணாடிக்காரரையும் சித்தப்பா வரவழைத்திருந்தார். சித்தி தலையை வாரி, கடைச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகி, குச்சி ஊன்றி இறங்கி வந்தாள். நேரே கடைக்குப் போவதாக ஏற்பாடு.

முதுகைக் காட்டித் திரும்பினாள். கையைப் பின்னால் வைத்தாள். கை போய்ப் பட்ட இடத்தை நம்பாதவள் போல ஒரு கணம் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் சரி என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் எம்பினாள். தொடை இருக்கையின் விளிம்பில்தான் ஏறியது. பந்தய இருக்கை, இரண்டு ஓரமும் திண்டு மாதிரி புடைத்திருக்கும். குதிகால் தரையை விட்டது. வழவழத் தோல் அவளைக் கீழே தள்ளியது. குச்சி நழுவிச் சிமென்டில் விழுந்தது. நான் பாய்ந்து இடுப்பைப் பிடிக்காவிட்டால் அவளும் விழுந்திருப்பாள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒரு கை குடுடா!” என்றார் சித்தப்பா. நான் வாய் திறப்பதற்குள் அப்பனும் மகனும் அக்குளில் கை விட்டு, ஒரே மூச்சில் அவளைத் தூக்கி உள்ளே போட்டார்கள். கடையில் டைல்ஸ் பெட்டியைக் கூட இதைவிடப் பார்த்து வைப்பார்கள். சாவிக்கொத்து எங்கோ உருண்டது. புகைப்படக்காரர், “மேடம், இங்க பாருங்க, சிரிங்க,” என்றார். கண்ணாடிக்காரர் கை தட்டினார்.

நான் குனிந்து குச்சியை எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். நீலப் பட்டைக்குக் கீழே குச்சியைச் சுற்றி ஒரு வளையம். பழைய பிசின். அதில் தூசியும் ஒரு நரைத்த முடியும் ஒட்டிக் கறுத்திருந்தன. விரல் வைத்தேன், பிசுபிசுத்தது. பட்டை முதலில் இருந்த இடம் அது.

“சித்தப்பா, யாரோ பட்டையை ஏத்தி ஒட்டியிருக்காங்க.”

அவர் ரிப்பன் முடிச்சைச் சரிசெய்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “ரெண்டு விரக்கடை. அதுல என்ன குடிமுழுகிப் போச்சு?”

எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. குச்சி என் கையில்தான் இருந்தது.

சிறுத்தைக்காரர் தன் ஷூவைப் பார்த்தார். சித்தப்பாவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. “இல்ல… நான் என்ன சொல்றேன்னா…” என்றார். அவர் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போனது. குச்சியைப் பிடித்திருந்த என் கை கூசியது. அந்த விரலால்தான் இந்தப் பட்டையை உரித்து ஒட்டியிருப்பார், எச்சில் தொட்டுத்தான்.

“என்னை இறக்கு,” என்றாள் சித்தி. சித்தப்பாவிடம் இல்லை, என்னிடம்.

“ஒரு ஃபோட்டோ ஆகட்டுமே…”

“கண்ணு, நீ இறக்கு. இவங்க கை என் மேல படக் கூடாது.”

என் தோளைப் பிடித்து மெதுவாகச் சறுக்கி இறங்கினாள். குச்சியை வாங்கி, அந்தப் பிசின் வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இவ்வளவு நேரமாகத் தெருமுனையில், வழி கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்த எங்கள் டைல்ஸ் வண்டியைப் பார்த்தாள்.

“அதுல குச்சி வெச்சுப் பாத்தியா?”

நான் வைத்ததில்லை. நகரத்தின் விலை உயர்ந்த இருக்கைகளையெல்லாம் அளந்தவள், தினமும் நான் போய்வருகிற வண்டியை அளக்கவில்லை. சுமை வண்டிதானே என்று நினைத்துவிட்டேன். நானும் அந்த வீட்டில்தானே சாப்பிடுகிறேன்.

நீலப் பட்டையை உரித்து, சித்தி பார்க்க, பழைய வளையத்தின் மேலேயே ஒட்டினேன். ஓட்டுநர் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, தன் பக்கத்து இருக்கையில் கிடந்த கிழிந்த சாக்கைத் தட்டிப் போட்டார். குச்சியை நிறுத்தினேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டை இருக்கை, திண்டு கிண்டு எதுவும் இல்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில். இந்த முறை சித்தியே குனிந்து பார்த்தாள்.

திரும்பினாள், கை வைத்தாள், உட்கார்ந்தாள், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தாள். நான் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

சித்தப்பா சன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஊரே பாக்குது. இந்தக் குப்பை வண்டியிலயா போவே? இறங்கு. ஏசி போட்டு வெச்சிருக்கேன்.”

“நீங்க முன்னாடி போங்க,” என்றாள் சித்தி. “பக்கத்துல வந்து சீறாதீங்க. பின்னாடி பெட்டி இருக்கு, உடைஞ்சா கணக்கு நான்தான் எழுதணும்.”

கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றிலிருந்து சித்தி தினமும் அந்த வண்டியில்தான் கடைக்கு வருகிறாள். கல்லாவில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் குச்சியை மேசை மேல், தன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறாள். வாசலில் அந்தப் பந்தய வண்டி இரண்டு வாடிக்கையாளர் வண்டிகளின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை யார் புகழ்ந்தாலும் சித்தப்பா கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்க்கச் சொல்கிறார். “எல்லாம் வீட்டம்மாவுக்காக வாங்கினது,” என்கிறார், சித்திக்குக் கேட்கிற தூரத்திலேயே.

சித்தி தலை நிமிர்வதில்லை. “அளவுகோல், அடுத்த ரசீதைப் போடு,” என்பாள். அந்தப் பெயரில் என்னை அவள் கூப்பிடத் தொடங்கியது இப்போதுதான். கேட்கும்போதெல்லாம் என் விரல் நுனியில் அந்தப் பிசுபிசுப்பு இருப்பது போலத் தோன்றும். பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருவேன்.